சும்மா உட்கார்ந்த நாளின் பிரஷர்

மண்டி மொஹல்லா சந்தில் பஞ்சர் கடையைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்ரஸர் உர்ரென்று மூச்சை இழுத்து, ஸ்ஸென்று விடும். உடனே எனக்கு என் மனைவியின் இடது கைதான் ஞாபகம் வரும்.

அவள் நர்ஸ், அவசர சிகிச்சை வார்டு. போன வருஷம் ஓயாத தலைவலி. டாக்டர் அறையில் பார்த்தால் பிரஷர் ஒழுங்காக இருந்தது. வேலைதான் ஏற்றுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். ஒரு முழு நாளைக்கு இடது கையில் பிரஷர் அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டார். அரை மணிக்கொரு தரம் அது தானே வீங்கும், அளக்கும், அடங்கும். வேலை நேரத்தில் ஏறுகிறது என்று தெரிந்தால் மாத்திரை, வார்டு மாற்றம். தெரியாவிட்டால் அதே வார்டு, அதே தலைவலி. எனக்குப் பயம். அவள் அம்மா இதே வயதில், ஒரு காலையில், வாய் கோணி விழுந்தவர்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டே அல்லோலகல்லோலம். என் மனைவி மட்டும் மூலையில், நாற்காலியில், ராணி மாதிரி, கையில் மோர்! படுக்கை தள்ளுவது, ஊசி போடுவது, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்குவது, எல்லாவற்றையும் கூட வேலை செய்யும் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழப் போனபோது ஒருத்தி தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அக்கா, சும்னே கூத்கொளி! சும்மா உக்காருங்க! பிரஷர் ஏறிடப் போகுது."

இன்னொருத்தி என்னை மறித்தாள். "அண்ணா, நீங்களும் கிட்ட வராதீங்க. புருஷன் மூஞ்சியப் பாத்தாலே ஏறிடும்."

மறுநாள் டாக்டர் திரையில் அளவுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன சிஸ்டர், ஏறவே இல்லையே, நேத்து லீவா?"

நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அளக்க வேண்டிய வேலையையே ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே!

"திரும்பக் கட்டிக்குங்க. இந்த வாட்டி வேலை செய்யணும்."

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் ஆபீசில் எனக்காக அப்படிக் காவல் நிற்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினேன், சிக்னலைக்கூடக் கவனிக்காமல்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மறுபடியும் கையில் பட்டையோடு அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். அவள் பையைப் பிடுங்க அங்கே அதே பெண்களில் இரண்டு பேர் தயாராக நின்றிருந்தார்கள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"இவளுங்ககிட்ட சண்டை போட்டாவது என் வேலைய நான் வாங்கிக்கிறேன். ஏறினா ஏறட்டும், தெரிஞ்சிடும்ல. நீங்க பயப்படாம போங்க."