நிங்போவில் குடித்தனம், சரவணம்பட்டியில் குழந்தை

சீனாவின் துறைமுக நகரமான நிங்போவில் சில மாதம் தங்கும்படி உங்களுக்கு வேலை வந்திருந்தால் இந்தப் பதிவு உதவும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வேறு பதிவைத் தேடிக்கொள்ளுங்கள். நான் பார்த்ததெல்லாம் ஒரு தொழிற்சாலை, ஒரு வாடகை வீடு, கலங்கிய கடல் கொஞ்சம்.

கோவை கணபதியில் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் புது இயந்திரங்களை நிங்போவில் வாங்கினார்கள். அவற்றைச் சோதித்து, ஓட்டவும் கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒன்று நான். இன்னொருவர் காயில் பிரிவு சூப்பர்வைசர், கோட்டைமேட்டு ஜமீலா அக்கா. போன வருடம் ஏப்ரலில் கிளம்பினோம். இரண்டு மாத வேலை என்றுதான் சொன்னார்கள்.

என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. வீட்டுக்காரர் பிரகாஷ் லேத் பட்டறை வைத்திருக்கிறார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லேத் ஓட்ட முடியுமா? அதனால் அப்பாவும் மகளும் சரவணம்பட்டியில் நாத்தனார் கவிதா வீட்டுக்குப் போனார்கள். "ரெண்டே மாசந்தானுங்க அண்ணி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும். நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க," என்றாள் கவிதா.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து நிங்போவுக்கு ஐந்து மணி நேரம். ஹோட்டலில் தங்காமல் வீடெடுத்தால், போய்ச் சேர்ந்த ஒரு நாளுக்குள் போலீசில் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். எங்களுக்குத் தொழிற்சாலை ஆள் கூடவே வந்து முடித்துக் கொடுத்தார். வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில் மூச்சு வாங்க நின்ற ஜமீலா அக்கா, "கண்ணு, இதுக்கு உங்க மருதமலைப் படியே தேவல," என்றார். வேலைக்கு மெட்ரோவில் மூன்று யுவான், நம் கணக்கில் முப்பத்தைந்து ரூபாய் சொச்சம்.

சாப்பாட்டுக்குத்தான் பெரும் பாடு. அக்காவுக்குப் பன்றி ஆகாது, எனக்கு மாடு ஆகாது. முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே எல்லாம் மாட்டிறைச்சி. கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது தக்காளியும் முட்டையும் போட்ட நூடுல்ஸ், பதினான்கு யுவான். அதையே தின்று தின்று எனக்குத் தக்காளி மேலேயே கோபம் வந்துவிட்டது.

அந்த ஊரில் எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் கைக்கு வருவது ஒரு டம்ளர் வெந்நீர். ஜூன் மாதப் புழுக்கத்தில், துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத மழையில்கூட வெந்நீர்தான். கீழ்வீட்டு அம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார். "நம்மூராட்டவே வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கறாங்க பாரு. என்ன, நாக்குத்தான் வெந்துபோகுது," என்றார் அக்கா.

வாட்ஸப் அங்கே சாதாரணமாகத் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் திறக்கும், காசு கரையும். அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வேலை முடிந்து வந்து நான் போனை எடுக்கும்போது இங்கே மாலை நாலரை, யாழினி விளையாடும் நேரம். பாதி விளையாட்டில் இழுத்து வந்து நிறுத்தினால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்?

ஒரு நாள் கவிதா பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினாள். "அண்ணி, உங்க புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சுங்க. ஊட்டுக்கு ஆரு வந்தாலும் இவதான் தண்ணி கொண்டாந்து குடுக்கறா." அந்நேரம் பிரகாஷ் பட்டறையிலிருந்து உள்ளே வந்தார். "அப்பாவுக்குத் தண்ணி குடுக்கலையா சாமி?" என்று கேட்டேன். யாழினி இல்லையென்று தலையை ஆட்டினாள். "அப்பா நம்மூட்டு ஆளு. அப்பாவே குடிப்பாங்க." எல்லோரும் சிரித்தோம். மறுநாள் தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கெல்லாம் கைஜாடையிலேயே அந்தக் கதையைச் சொன்னேன்.

இயந்திரங்கள் சோதனையில் தேறவில்லை. இரண்டு மாதம் மூன்றாகி, விசா நீட்டித்து, ஐந்தானது. ஆகஸ்டில் யாழினி போனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். கவிதா கூப்பிடுவதும், "ஆரு?" என்று யாழினி கேட்பதும், "அம்மா கண்ணு" என்று கவிதா சொல்வதும் கேட்கும். அப்புறம் ஓடிப்போகும் காலடிச் சத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கடல் நீலம் இல்லை, டிகாஷன் நிறம். கரையில் உட்கார்ந்து அழுதேன். "அழுதுரு கண்ணு. ஊருக்குப் போனா மடிய விட்டு எறங்க மாட்டா பாரு," என்றார் அக்கா. அவர் சொன்னதை நம்பினேன்.

செப்டம்பரில் திரும்பினோம். விமான நிலையத்திலிருந்து சரவணம்பட்டி பத்துக் கிலோமீட்டருக்குள்தான். அன்று அது முடியவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆரு வந்துருக்காங்க பாரு கண்ணு!" என்று கவிதா சத்தம் போட்டாள்.

யாழினி வந்து பார்த்தாள். பயப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. திரும்பிச் சமையலறைக்குப் போனாள். நான் பையைத் திறந்து அவளுக்கு வாங்கிய முயல் பொம்மையை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், சின்ன எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

"தண்ணி குடிங்க."

"ஐயோ சாமி, அம்மாவுக்குப் போயி ஆராச்சும்..." என்று ஆரம்பித்த கவிதா பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைக் கூட்டிவந்த பிரகாஷ் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். வாங்கிக் குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன். டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவள் காத்திருந்தாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரைஸ் குக்கரைச் சுமக்காதீர்கள், அங்கேயே மலிவு. புளியும் சாம்பார் பொடியும் கட்டாயம். மழைக்காலமென்றால் சீக்கிரம் காயும் துணிகளாக எடுங்கள். கம்பெனி இரண்டு மாதம் என்றால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை இருந்தால், கூட்டிப்போக வழி உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

இப்போது மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். யாழினி என் பக்கத்தில் படுக்கிறாள், நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். ஆனாலும் சாயங்காலம் நான் வேலை முடிந்து உள்ளே வந்ததும் விளையாட்டை விட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டு வருகிறாள். அவளைப் பார்ப்பவர்கள் எவ்வளவு நல்ல பிள்ளை என்கிறார்கள். நான் வந்ததைப் பார்த்தும் அவள் எழுந்திருக்காமல் விளையாடும் ஒரு நாள் வர வேண்டும். அன்றைக்கு நானே போய் மொண்டு குடித்துக்கொள்வேன்.