வெந்தயம் முன்னால் வந்தால்

நோன்பு மாதத்தில் சமைக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் ருசி பார்ப்பதில்லை. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டதே கிடையாது. கோரிப்பாளையத்துக்கு மருமகளாக வந்த வருஷத்திலிருந்தே கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது என் மூக்குதான்.

“உப்புக்கு ஏதுடி வாசனை?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். உப்புக்கு இல்லைதான். ஆனால் கொதிக்கும் கஞ்சியில் உப்பு குறைந்தால் வெந்தயம் முன்னால் வந்து நிற்கும்; பூண்டும் கறியும் பின்னால் போய்விடும். சரியாக இருந்தால் எதுவும் முந்தாது. பக்கத்து வீட்டுக்காரிகூட சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அக்கா, மோந்து சொல்லுங்க” என்று நிற்பாள். நானும் பெரிய டாக்டர் மாதிரி மூடியைத் திறந்து பார்த்து, “இன்னும் ஒரு சிட்டிகை” என்பேன்.

ஒரு வருஷம் நோன்புக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கும் மரத்துப்போனது. பரவை மார்க்கெட்டிலிருந்து அவர் வாங்கி வந்த புதினாக் கட்டை முகத்தோடு அழுத்திப் பார்த்தேன். ஈரம் மட்டும் தெரிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளைகளின் உச்சந்தலையை மோந்தே காய்ச்சல் வரப்போகிறது என்று சொன்னவள் நான். இப்போது சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நோன்பு பிறந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: “இந்த வருஷம் பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கிட்டு வாரேன்.”

“என் அடுப்பு இருக்கும்போது அது எதுக்கு? மூக்கு வரும்” என்றேன். வீம்புதான். தினமும் கைப்பழக்கத்தில் உப்பைப் போட்டேன். எல்லோரும் குடித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கை தப்பாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து கஞ்சியைக் கிண்டும்போது, லேசான கசப்பு வாசனை ஒன்று மூக்கில் ஏறியது. நம்பாமல் குனிந்தேன். வெந்தயம். பூண்டும் கறியும் அதற்குப் பின்னால், எங்கோ தள்ளி. கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு உப்பு டப்பாவை எடுத்தேன். போட்டுக் கிண்ட, வெந்தயம் பின்வாங்கிப் போனது.

நோன்பு திறந்தோம். அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னைக்கு உப்பு சரியா இருக்கு.”

“அப்ப இம்புட்டு நாளா?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கிண்ணத்தை நீட்டி, “இன்னொரு கரண்டி ஊத்து” என்றார்.