பதினோரு கைக்குட்டைகள்

கடைத்தெருவில் என் அத்தானைப் 'பளிச்' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதற்காக நான் புகழவில்லை. அவருடைய லாண்டரியில் போகாத கறை கிடையாது. மை, கிரீஸ், துரு எல்லாம் போய்விடும். போகாதது அவருடைய தற்பெருமை ஒன்றுதான்.

அவருக்கு இடது மூக்கு அடைத்துக்கொண்டது. பிறகு ரத்தம் வந்தது. அடுத்தவன் வெள்ளைச் சட்டையில் சொட்டிவிடுமே என்று பயந்தாரே தவிர, மூக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடுவார். ரத்தம் நின்றதும் குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு அலசுவார். கைக்குட்டை புதுசு மாதிரி ஆகிவிடும்.

முதலில் பார்த்த டாக்டர், "ரத்தம் எவ்வளவு வருது?" என்று கேட்டார்.

"ஏதோ ரெண்டு சொட்டுங்க" என்று மடிப்புக் கலையாத கைக்குட்டையைக் காட்டினார் அத்தான். டாக்டரும் நம்பி, இஸ்திரிச் சூடுதான் காரணம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"சூடுன்னா ஏங்க ஒரு பக்கம் மட்டும் வருது?" என்றாள் அக்கா.

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்சே?"

அக்கா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அடுத்த மூன்று வாரத்தில் அத்தானின் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

அதற்குள் அவர் கன்னம் லேசாக வீங்கி மரத்துப்போனது. காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம். அவர் மெல்லிய கேமராவை மூக்குக்குள் விட்டார். உள்ளே சிவப்பாக ஒரு சதை.

"ரத்தம் நிறைய வருமா?"

"சேச்சே, ரெண்டு சொட்டுங்க." மறுபடியும் அதே பளபளக்கும் கைக்குட்டை.

"அப்ப ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்று டாக்டரம்மா இடுக்கியைக் கையில் எடுத்தார்.

அக்கா பையைத் திறந்து மேஜைமேல் கொட்டினாள். பதினோரு கைக்குட்டைகள். ரத்தத்தில் முழுக்க நனைந்து, காய்ந்து, விறைத்துப்போனவை. ஒவ்வொன்றிலும் லாண்டரித் துணிச்சீட்டு குத்தியிருந்தது. வாடிக்கையாளர் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் தேதி.

"தோய்க்காமயா வச்சிருக்கே!" என்று அலறினார் அத்தான். நோயைவிட அதுதான் அவருக்கு மானக்கேடு.

டாக்டரம்மா சீட்டுகளைப் படித்துவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தார். "இது ரத்தக்குழாய்க் கட்டியா இருக்கும் போலிருக்கும்மா. இப்பக் கிள்ளியிருந்தா இந்த ரூம்ல என்னால ரத்தத்தை நிறுத்தியிருக்க முடியாது. முதல்ல ஸ்கேன் பாக்கணும்."

அத்தானின் முகம் வெளுத்தது. அவருக்குப் பிடித்த நிறம்தான்.

மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். கன்ன எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய அறையைக் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக நூல் போன்ற குழாயை அனுப்பி, கட்டிக்கு ரத்தம் போகும் கிளையை அடைத்தார்கள். மறுநாள் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பரிசோதனை முடிவு வருவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் அக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அத்தான் ஆஸ்பத்திரித் தலையணை உறையைத் தடவி, "சரியா அலசலே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பதினொன்றையும் ஊறப்போட்டார். நாலு நாள் மல்லுக்கு நின்றார். காய்ந்து இறுகிய ரத்தம் அசையவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். சட்டைப்பையிலிருந்து அந்தப் பதினொன்றில் ஒரு கைக்குட்டையை எடுத்தார். கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடித்தது. நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை. அதை மறைக்கக்கூட இல்லை.

"இப்ப ரத்தம் எவ்வளவு வருது?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு..." என்று ஆரம்பித்த அத்தான் அக்கா பக்கம் திரும்பினார்.

"அவளைக் கேளுங்க."