தறிச் சட்டத்தில் ஒரு கோடு

மாலை ஐந்து இருபது. மகள் வந்திருக்க வேண்டிய மதுரைப் பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்களை இறக்கிவிட்டு இராஜபாளையத்துக்குக் கிளம்பிப் போனது. அவள் இறங்கவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. வீட்டில் அவளைப் பெண் பார்க்க மம்சாபுரத்தில் இருந்து வந்தவர்கள் பூவும் பழமுமாக உட்கார்ந்திருந்தார்கள். இது நடந்து நான்கு நாள் ஆகிறது. அந்தப் பேருந்து நிலையத்தில் காத்து நின்ற எனக்கு நினைவுக்கு வந்ததோ, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாக்பீஸ் கோடு.

அப்போது நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே மேஸ்திரி அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். தினமும் நாலு மணிக்கு சாக்பீஸோடு ஒவ்வொரு தறியாக நின்று, "நாளைக்கு?" என்று மட்டும் கேட்பார். "வாரேன்" என்றால் தறிச் சட்டத்தில் ஒரு கோடு இழுப்பார். "வருவேன்" என்றால் கோடு கிடையாது. மறுநாளைக்கு மாற்று ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். அதற்காக யாரையும் கடிந்துகொண்டதில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "வாரேங்கிறவ மனசால கிளம்பிட்டா. வருவேங்கிறவளுக்கு வீட்டுல என்னமோ இருக்கு. அதை நாம தோண்டக் கூடாது" என்றார். ஆனால் கோடு விழுந்துவிட்டால் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் தறி நிற்கும். பக்கத்துத் தறிக்காரிகள் முகத்தில் முழிக்க முடியாது. "அண்ணாச்சி, எமன் வந்து கேட்டா வருவேன்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்துக்கிடலாம் போல" என்று ஏழாம் தறி அக்கா கேலி செய்வார். அண்ணாச்சி சிரிக்காமல் அடுத்த தறிக்கு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் அவர் மகாராஜபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனதால் சாக்பீஸ் என் கைக்கு வந்தது. அவசரமாக லோடு அனுப்ப வேண்டியிருந்தது. ஏழாம் தறி அக்கா, "ரெண்டு நாளாக் காய்ச்சலா இருக்கு தம்பி. பாப்போம், வருவேன்" என்றார். "அதெல்லாம் வந்துருவியக்கா" என்று சிரித்துக்கொண்டே கோட்டை இழுத்தேன். அவர் அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்தார்.

மறுநாள் வந்தார். பத்து மணிக்கு மயங்கித் தறிமேலேயே விழுந்தார். நெற்றி பிளந்தது. அவர் நெய்த துணியை எடுத்தே அழுத்திப் பிடித்தோம். மத்தியானம் திரும்பி வந்த அண்ணாச்சி, அந்தக் கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தார். "அவ சொல்லாததை நீ எதுக்குலே எழுதுன?" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சாக்பீஸ் கொடுத்ததேயில்லை. பத்து நாள் கழித்து நெற்றித் தழும்போடு வந்த அக்கா, எப்போதும்போல "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மதுரையில் இருந்து மகள் பேசினாள். அங்கே விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். "உடம்பு முடியலப்பா. பாக்கேன், சரியானா நாளைக்கு வருவேன்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டு, மம்சாபுரத்துக்குப் பேசினேன். "நாளைக்குப் பொண்ணு வாரா. நீங்க கிளம்பி வாங்க" என்றேன். 'பொண்ணு வாரான்னு அவங்ககிட்ட சொல்லியாச்சு' என்று மகளுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். அந்தக் கோட்டை மறுபடியும் இழுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டதாக மனைவி போனில் சொன்னாள். வந்த பேருந்துகளில் எல்லாம் ஏறி இறங்கித் தேடினேன். விடுதிக்குப் பேசினால், மூன்று மணிக்கே காய்ச்சலோடு கிளம்பிவிட்டாள் என்றார்கள்.

ஏழே காலுக்கு வந்த பேருந்தில் இருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். இடது மணிக்கட்டில் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் பேருந்திலேயே மயங்கியிருக்கிறாள். நடத்துநர் இறக்கி ஒரு மருத்துவரிடம் சேர்த்திருக்கிறார். ஊசி வழியே மருந்து ஏற்றியிருக்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லை. அவள் சொல்லிக்கொண்டிருக்க, நான் அந்தத் துணியின் இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இராஜபாளையத்தில் நெய்ததாகவே இருக்கலாம். அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். கொதித்தது.

"முடியலைன்னா வராம இருந்துருக்கலாமே பாப்பா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கதான் வாரான்னு சொல்லிட்டியளேப்பா."