அறிவித்தலில் இல்லாத மருமகன்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் யார் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுவது நான்தான். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அன்பு மாமியாரும் என்று உறவு உறவாகக் கோத்துக்கொண்டு போவதில் எனக்கு நல்ல பழக்கம். ஒரு சகலனின் பெயர் விடுபட்டாலே செத்தவீட்டில் சண்டை வந்துவிடும். அதனால் நாலு தரம் சரிபார்ப்பேன். ஆனால் என் சொந்த அக்கா செத்தபோது அவளுடைய மூத்த மருமகனின் பெயரை விட்டுவிட்டேன். மறதியில் இல்லை, தெரிந்துதான்.

மருமகன் கறுப்பினத்தவர். தாயும் தகப்பனும் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள், அவர் இங்கே ரொறன்ரோவில் பிறந்தவர். அக்காவின் மூத்தவள் அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அக்கா இரண்டு வருசம் அவளுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அக்காவின் சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாங்கள் எல்லாரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த மனிசன் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவளை ஏற்றி இறக்கினார். நாலு வருசம்! பனிக்காலத்தில் குனிந்து அவளுடைய சப்பாத்துக்கு நாடா கட்டிவிட்டதும் அவர்தான். கடைசிக் காலத்தில் அக்கா கண் விழித்தால், "மூத்தவர் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்பாள்.

எனக்கும் அவர் வெறும் உறவுக்காரர் இல்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கோயிலின் கீழ் மண்டபத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் குடும்பங்களும் கரிபியன் குடும்பங்களும் ஒன்றாகச் செபித்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒருவரைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் அழுக்கை வாய்விட்டுச் சொல்லும் கூட்டம் ஒன்று நடந்தது. அவரும் நானும் சேர்ந்து தொடங்கியது. அதைப் பற்றிப் பங்கின் இதழில் மாதாமாதம் எழுதினேன். நிறம் பார்க்கிறவர்கள் நற்கருணை வாங்கக் கை நீட்டக் கூடாது என்று ஒருமுறை எழுதியதில் இரண்டு மூன்று பேர் என்னோடு கதைக்காமலே விட்டார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

அக்கா ஒரு வியாழக்கிழமை விடியப் போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் அக்காவின் கணவர், என் அத்தான், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தார். நான் எழுதிக்கொண்டு போய் மாமியார் என்ற வரிக்கு வந்ததும் கையை நீட்டித் தாளை மறித்தார்.

"உவற்றை பேரை விடு பிள்ளை."

"என்ன அத்தான் கதைக்கிறியள்?"

"பேரைப் பார்த்தவுடனை ஆரெண்டு விளங்கிப்போம். சின்னவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம், மாப்பிள்ளைப் பகுதி இன்னும் ஓம் சொல்லேல்லை. உது ஊர் முழுக்கப் போற நோட்டீஸ். அவற்றை மகளின்ரை பேரைப் பேத்தியெண்டு போடு, அது வேதாகமப் பேர், ஒருத்தருக்கும் விளங்காது. அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே."

ஐயோ, நான் எழும்பிக் கத்தியிருக்க வேண்டாமா? மாதாமாதம் வாய் கிழியக் கதைத்தவள்தானே நான்? அத்தான் அழுதுகொண்டிருந்தார், பாவமாக இருந்தது என்று இப்போது சாட்டுச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. சின்னவளின் கலியாணம் குழம்பினால் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். அக்காவின் மகனுடைய மனைவியின் பெயரை மட்டும் எழுதி, "ஆகியோரின்" என்று வர வேண்டிய இடத்தில், ஒரே பெயர் என்பதால், "அவர்களின்" என்று போட்டேன். கை கூசவே இல்லை.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, வாசலில் அடுக்கியிருந்த அறிவித்தல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூத்த மருமகன் என்னிடம் வந்தார். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"இதில் என் பெயர் எது அன்ரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறம்ரன் நகரில் இருக்கும் அவருடைய தாய்க்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது, வர முடியவில்லை. அவவுக்குக் காட்ட வேண்டுமாம்.

அக்காவின் பெட்டி பக்கத்தில் திறந்தபடி இருக்கிறது. நான் மகனுடைய மனைவியின் பெயரில் விரலை வைத்து, "இதுதான்" என்றேன். பச்சைப் பொய். அவர் பேனையை எடுத்து அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். என் பெயர் உங்கள் எழுத்தில் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்று சொல்லி, தாளை மடியாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து அக்காவின் மூத்தவள் போன் எடுத்தாள். சின்ன வயதில் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்குப் போதும்.

"சின்னம்மா, அது அவற்றை பேர் இல்லை. மூண்டு தரம் வாசிச்சுப் பார்த்தனான். அப்பாதான் சொல்லியிருப்பார், அவர் அப்பிடித்தான். நீங்கள் எப்பிடி எழுதினீங்கள்?"

"அவருக்குச் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன், வெட்கம் கெட்டவள்.

"ஓம். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியிலை நடக்கப் போயிட்டார்."

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. மூன்று தரம் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. பங்கின் இதழுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. என்ன முகத்தோடு எழுதுவது?

பிறகு அவருடைய தாய் என்னைக் கூப்பிட்டா. முழங்கால் கொஞ்சம் சுகம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து சாப்பிட்டுவிட்டுப் போ, உன் அக்காவைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றா. போகாமல் இருக்க மனம் வரவில்லை. கதவைத் திறந்தது அவர்தான். நான் வாசலிலேயே மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மாவுக்குத் தெரியாது அன்ரி. தெரியவும் வேண்டாம். உங்கள் அக்காவில் அவவுக்கு நல்ல விருப்பம்," என்றார் மெதுவாக.

முன்னறைச் சுவரில், அவருடைய செத்துப்போன தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில், நான் எழுதிய அறிவித்தல் கண்ணாடி போட்டுத் தொங்கியது. நீலப் பேனையால் போட்ட வட்டமும் அதில் இருந்தது. தாய் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி வந்து என் கையைப் பற்றினா. இதை உங்கள் பாஷையிலேயே எனக்கு வாசித்துக் காட்டு, என் மகனின் பெயரை அதில் ஒருக்கால் கேட்க வேண்டும் என்றா.

வாசித்தேன். எங்கள் அப்பா அம்மாவின் பெயர், அத்தானின் பெயர், பிள்ளைகளின் பெயர். அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாலு தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். தாளில் இல்லாத அவருடைய பெயரை முழுதாக, முதலாவதாக, சத்தமாகச் சொன்னேன். பிறகுதான் "அன்பு மாமியாரும்" என்றேன்.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினா.

"கேட்டதா மகனே?"

"கேட்டது அம்மா," என்றார். தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார்.