பார்ஜுக்குள்ளிருந்து தட்டியது யார்?

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி மாதம், நல்ல உச்சி வெயில். எண்ணூர் முகத்துவார மணலில் தரைதட்டிக் கிடந்த பழைய பார்ஜ் ஒன்றை, அதாவது தட்டையான சரக்குப் படகை, வெட்டப் போயிருந்தோம். நானும் என் மச்சானும் பழைய இரும்பைக் கேஸ் நெருப்பால் வெட்டுகிற கேஸ் கட்டிங் வேலை செய்கிறவர்கள். மச்சான் என் மனைவிக்கு ஒரே தம்பி.

உலகப் போர் சமயத்தில் பட்டாளத்தைக் கரையில் இறக்கக் கட்டிய பார்ஜாம் அது. சண்டை முடிந்ததும் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் மூட்டை சுமந்தது. இன்ஜின் செத்த பிறகு, இழுவைப் படகின் பின்னால் போய்க் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது. கடைசியில் ஒரு புயலில் கயிறு அறுந்து இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

மூடின டாங்க்கை வெட்டும் முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். தண்ணீர் நிற்கிறதா, காலியா என்று சத்தமே சொல்லிவிடும். தட்டினேன். உள்ளேயிருந்து திருப்பித் தட்டும் சத்தம் வந்தது.

அந்த வெயிலிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுபடி தட்டினேன். நான் தட்டின மாதிரியே, நிதானமாகப் பதில் வந்தது.

"எவனோ இரும்பு திருட வந்து மாட்டிகினு கீறான் மாமா! மூடி வியுந்துட்ச்சு போல" என்றான் மச்சான். கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளி, ஓட்டையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான். "கொஞ்சம் வெளிச்சம் காட்டு."

எண்ணெய் டாங்க் என்றால் இரண்டு பேருமே பயந்திருப்போம். தண்ணீர் டாங்க்தானே என்று அலட்சியம். டீசலில் நனைத்த துணியைக் கம்பியில் கட்டி, கொளுத்தி இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. இன்னொன்றும் அதே இடத்தில் பொட்டென்று அணைந்தது. உள்ளேயிருந்த மூச்சுக்காற்றையெல்லாம் துரு தின்றுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கீழே மறுபடி தட்டல்.

"உசுரோட கீறான் மாமா!" என்று குதிக்கப் போனவனின் காலரைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. "நெருப்பே நிக்கல, மனுசன் எப்டிடா நிப்பான்?" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் இருவரும் அந்த ஓட்டையைப் பார்த்தோம். அப்படியானால் தட்டுவது யார்? மூடியைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கரைக்கு இறங்கினோம்.

மறுநாள் பக்கவாட்டில் வெட்டித் திறந்தோம். துருவைத் தவிர ஒன்றுமில்லை. ஆடி மோதிச் சத்தம் போட ஒரு சங்கிலிகூட இல்லை.

முகம் தெரியாத ஒருவனுக்காக மச்சான் உயிரைக் கொடுக்கப் போனானே என்று பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இப்போதும் நான் டாங்க்கைத் தட்டுகிறேன். ஆனால் உள்ளே எதுவும் பதில் சொல்லவில்லை என்று உறுதியாகும்வரை, மச்சானின் சட்டையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேதான் நிற்கிறேன்.