பூந்தமல்லி பஸ்ஸில் ஒரு கும்பிடுபூச்சி

பூந்தமல்லி பஸ்ஸில் என்ன நடந்தது என்று ஏன்டி என்னைக் குடைகிறாய்? உனக்கு வேறு வேலை இல்லையா? சரி, கேள்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் கம்பியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி, கை கூப்பியபடி நிற்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்த பூக்காரி பதிலுக்குக் கும்பிட்டு, கூடையிலிருந்து ஒரு மல்லிகையைக் கிள்ளி அதன் முன்னால் வைக்கிறாள்.

முன்சீட்டில் இருக்கும் காலேஜ் பெண் திரும்பிப் பார்க்கிறாள். "அடேயப்பா, எவ்ளோ பெருசு! இனம் பிரிச்சா இது கரப்பான்பூச்சிக்குத்தான் நெருங்கின சொந்தம், ஆயா."

பூக்காரி பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறாள். "கரப்பானுக்குச் சொந்தமா? இத்தயா நான் கும்ட்டுகினு கீறேன்?"

ஓங்கிய கையைப் பிடித்துக்கொள்கிறேன். "இன்னாம்மே இது? உங்க அண்ணன் குடிச்சிட்டு ரோட்டுல உழுந்து கெடந்தா, உன்னியா செருப்பால அடிப்பாங்க?"

பஸ்ஸே சிரிக்கிறது. பூக்காரியும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுகிறாள். பூச்சி பறந்துபோய் வேப்பமரத்தில் உட்காருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "பஸ்ல ஒருத்தரப் பாத்தேன்டி. ரொம்ப மரியாத தெரிஞ்ச ஆளு. சொந்தக்காரங்கதான் கொஞ்சம் சரியில்ல."